கடைத்தெருவில் சனம் நிற்கவேண்டும்: யாழ்ப்பாணத்து வீதியொன்றைத் திருத்தத் தொடங்குபவர்களுக்கு

கஸ்தூரியார் வீதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும். ஒரு கடையில் பார்ப்பார். அடுத்த கடையிலும் ஒருக்கால் பார்ப்போம் என்று வாசலுக்கு வருவார். வாசலை அடைத்துக்கொண்டு மூன்று மோட்டார் சைக்கிள் நிற்கும். அவற்றைச் சுற்றிப் போக வீதிக்கு இறங்கவேண்டும். இறங்கினால் பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்கும். இப்படி இரண்டு தரம் இறங்கி ஏறினால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துவிடும். “காணும் பிள்ளை, வீட்டை போவம்” என்பார். மூன்றாவது கடைக்காரருக்கு வரவேண்டிய வியாபாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்படியொன்று வரவிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை, தங்கள் கடைத்தெருவைத் திருத்த வேண்டும் என்று நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு. நீங்கள் ஒரு கடைக்காரராக இருக்கலாம், மாநகர சபைக்குப் புதிதாகத் தெரிவான உறுப்பினராக இருக்கலாம், கட்டடக்கலையோ புவியியலோ படிக்கும் மாணவராக இருக்கலாம். பொறியியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, அளவு நாடா, பொறுமை மூன்றும் இருந்தால் முதல் ஆறு மாத வேலையைச் செய்யலாம்.

ஒரு வீதிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ஆட்களைக் கொண்டுபோய் விடுவது. மற்றது, ஆட்களை நிற்க வைப்பது. கண்டி வீதி போன்ற நெடுஞ்சாலை முதலாவது வேலையை நன்றாகச் செய்யட்டும். கடைத்தெரு பிழைப்பது இரண்டாவது வேலையால். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கடந்து போகிறவர் எவரும் உங்கள் கடையில் சேலை வாங்குவதில்லை. கீழே வரும் படிகள் எல்லாமே, நின்றால் வசதியாக இருக்கும் தெருவை உண்டாக்குவதற்காகத்தான்.

நாங்கள் ஏற்கெனவே செய்வது

வாகனத்தை நிறுத்தினால் ஊர் நின்றுபோய்விடும் என்று யாராவது சொன்னால், நல்லூர்த் திருவிழாவை நினைவுபடுத்துங்கள். ஒவ்வொரு வருடமும் 25 நாட்கள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு வாகனம் வராது. பருத்தித்துறை வீதிப் போக்குவரத்து வேறு பாதையால் திருப்பிவிடப்படும். தாருக்கு மேல் மணல் பரப்பப்படும். அயல் வீட்டு வளவுகள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாகிவிடும். துண்டு வாங்கி விட்டுவிட்டு நடப்போம். தண்ணீர்ப் பந்தல், கச்சான் கடை, ஐஸ்கிறீம், வளையல் கடை, மணலில் இருந்து கதைக்கும் குடும்பங்கள், கையை விட்டு ஓடும் பிள்ளைகள். இரவு பத்து மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடந்து திரிகிறார்கள்.

அங்கே நடப்பதைக் கவனித்தால் ஒரு பாடநூலுக்கு வேண்டிய அவ்வளவும் இருக்கிறது. வாகனத்தை இல்லாமல் செய்யவில்லை, விளிம்பில் நிறுத்த இடம் கொடுத்தார்கள். நடக்க நல்ல தரை போட்டார்கள். தண்ணீர் வைத்தார்கள். பார்க்க, வாங்க, கேட்க ஏதாவது வைத்தார்கள். திருவிழாவின் பக்தியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். அந்த ஒழுங்கைக் கொண்டுவரலாம்.

முதலாவது: சின்னதாக ஒரு துண்டைத் தெரியுங்கள்

முழு நகரத்தையும் மாற்றப் போகிறோம் என்று வெளிக்கிட்டால் முதல் கூட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சந்தியிலிருந்து சந்தி வரை, 200 அல்லது 300 மீற்றர் போதும். ஆட்கள் ஏற்கெனவே நடக்கிற இடமாக இருக்கவேண்டும். நடை இல்லாத இடத்தில் நடைபாதை போட்டு நடையை உண்டாக்குவது மிகக் கடினம்.

அடுத்து, அந்த வீதி யாருடையது என்று கேளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றன. காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்றவை அப்படி. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. நகரின் மற்ற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கு. இதற்கு மேல், போக்குவரத்தைத் திருப்புவதற்குப் பொலிஸின் அனுமதி, மின்கம்பத்துக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம், நிலத்துக்குக் கீழே குழாய்க்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பிழையான கந்தோரில் ஒரு வருடம் அலைந்த கதை எனக்கே உண்டு. மாநகர சபைக்குரிய ஒரு வீதியில் தொடங்குவது சுகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு மேசையில் பேசி முடிக்கக்கூடிய வேலை அதிகம்.

இரண்டாவது: எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அபிப்பிராயம் எல்லாரிடமும் இருக்கும், எண்ணிக்கை உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

ஓர் இடத்தில் நின்று 15 நிமிடம், உங்களைக் கடக்கிற எல்லாவற்றையும் கோடு போட்டு எண்ணுங்கள். நடப்பவர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் அல்லது வான், பேருந்து, லொறி என்று தனித்தனி நிரல். வாகனத்தை எண்ணும்போது உள்ளே எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். காலை ஒன்பதுக்கு, மதியம், நாலு மணிக்கு, ஆறரைக்கு என நான்கு தரம். ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள். மழை பெய்தால் அன்றும் எண்ணுங்கள். மழையில் சனம் எந்தத் தாவாரத்துக்குள் ஒதுங்குகிறது என்பது பின்னால் உதவும்.

பிறகு இன்னொரு எண்ணிக்கை. வீதியின் நுனியிலிருந்து மெதுவாக நடந்து போங்கள். நிற்கிறவர், இருக்கிறவர் ஒவ்வொருவரையும் வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யான் கெல் பல பத்தாண்டுகளாகக் கொப்பன்ஹேகனில் இந்த மாதிரித்தான் வேலை செய்தார். போகிறவர்களை எண்ணுவதைவிட நிற்பவர்களை எண்ணுவது ஒரு தெருவைப் பற்றி அதிகம் சொல்லும். நிழல் எங்கே, தேத்தண்ணிக் கடை எங்கே, சின்னச் சுவர் எங்கே என்பதைப் புள்ளிகளே காட்டிவிடும்.

மூன்றாவது எண்ணிக்கை கடைக்குள். முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்: “உங்கட வாடிக்கையாளர் நூறு பேரில எத்தினை பேர் காரில வருவினம் எண்டு நினைக்கிறியள்?” அவர் சொல்வதை எழுதி வையுங்கள். பிறகு வாசலில் நின்று வருகிறவர்களையே கேளுங்கள், எப்படி வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள், மாதத்தில் எத்தனை தரம் வருவீர்கள் என்று. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் 2006 இல் இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 41 பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் 22 பேர்தான். காரில் வருகிறவரைக் கடைக்காரர் கண்டுகொள்கிறார், ஏனென்றால் கார் வாசலில் நிற்கிறது. பேருந்தில் வந்து இறங்கி நடந்து வருகிறவர் கண்ணுக்குப் படுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்படி நடந்து வருகிறவர்கள் இன்னும் அதிகமாக இருப்பார்கள் என்பது என் எண்ணம். நகரின் நடுவிலேயே பேருந்து நிலையம். வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து இறங்குகிற சனம் இறங்கிய நிமிடமே பாதசாரி. பக்கத்தில் போதனா வைத்தியசாலை, நவீன சந்தை, பள்ளிக்கூடங்கள். நடக்கும் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை எங்களுக்கு இல்லை. இருக்கிற ஆட்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது: கடைக்காரரோடு கதையுங்கள், படம் வரைவதற்கு முதல்

ஒரு கூட்டம் போட்டு எல்லாரையும் கூப்பிடாதீர்கள். கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவரின் கருத்துத்தான் எல்லாரது கருத்தாகும். ஒவ்வொரு கடையாகப் போங்கள், வெள்ளன கடை திறந்த கையோடு, வியாபாரம் சூடு பிடிக்க முதல். பயத்தை முதலில் கேளுங்கள். சாமான் லொறி எங்கே நிற்கும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற குடும்பம் வானை எங்கே விடும், வயது போனவர்களை எங்கே இறக்குவது. மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் விடை இருக்கவேண்டும்.

கொப்பன்ஹேகனின் ஸ்ற்றோயே தெருவை 1962 இல் வாகனங்களுக்கு மூடியபோதும் இதே பயம்தான் இருந்தது. குளிர்நாட்டில் யார் தெருவில் நின்று கதைக்கப் போகிறார்கள் என்றார்கள். முதலில் பரீட்சார்த்தமாக மூடினார்கள், 1964 இல் நிரந்தரமாக்கினார்கள். நகர மையத்து வாகனத் தரிப்பிடங்களை அதற்குப் பிறகு வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்றாக, ஆரவாரமில்லாமல், குறைத்துக்கொண்டே வந்தார்கள். இந்த மெதுவான நடை எனக்குப் பிடிக்கும். ஒரு தலைமுறைக்குள் பழக்கம் மாறியது, யாருடைய வயிற்றிலும் அடிக்கவில்லை.

மாறாக நடந்ததையும் தெரிந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் ஏறத்தாழ இருநூறு பிரதான கடைத்தெருக்களை நடைத்தெருக்களாக்கினார்கள். பெரும்பாலானவை பின்னர் மறுபடி வாகனத்துக்குத் திறக்கப்பட்டன. சிக்காகோவின் ஸ்ரேற் தெருவை 1979 இல் பேருந்துகளுக்கு மட்டுமாக்கி, 1996 இல் திரும்பவும் எல்லாருக்கும் திறந்தார்கள். அந்த நகரங்களில் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டிருந்தன, மையத்தில் வசிப்பவர் குறைவு, கடைகளும் புறநகர்ப் பேரங்காடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. கார்களை வெளியே எடுத்தபோது, அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை. தடையைப் போட்டு மூடுவது சுலபம். மூடிய இடத்தை நிரப்புவதுதான் வேலை. உங்கள் எண்ணிக்கையில் நடப்பவர் குறைவாக இருந்தால் முழுதாக மூடும் யோசனையை விட்டுவிடுங்கள்; வேகத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினாலே போதும்.

நான்காவது: நிறுத்தும் இடம்

வெளிநாட்டு நூல்கள் காரைப் பற்றிப் பேசும். எங்கள் கடைத்தெருவை அடைத்து நிற்பது அதிகமும் மோட்டார் சைக்கிள். நீளமாக ஒரு மாலைநேரம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும்: வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் பல, அந்தந்தக் கடை முதலாளியுடையதும் வேலை செய்கிறவர்களுடையதும். காலை எட்டு மணிக்கு வந்து நிற்கும், மாலை ஆறு மணிக்குத்தான் எடுபடும். ஒரு மணித்தியால எல்லை வைத்தால் அதே இடம் பத்து வாடிக்கையாளருக்குப் பயன்படும். முதல் பேச்சுவார்த்தை இதிலிருந்து தொடங்கட்டும்: கடையாட்களின் வண்டிகளுக்குப் பின்பக்கத்திலோ, நடந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஒரு வளவிலோ மாத வாடகைக்கு இடம் எடுங்கள். பெரிய செலவில்லாமல் தெருவின் ஒரு பகுதி அன்றைக்கே விடுபடும்.

கணக்கு இது. ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ 2.5 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம் வேண்டும். அதே இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள் நிற்கும், நெருக்கி விட்டால் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும். சைக்கிளுக்கு வாசலுக்குக் கிட்ட, நிழலில், பூட்டிக் கட்டக் கம்பியோடு இடம் கொடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குத் தெருவின் இரண்டு நுனியிலும். காருக்கு அதற்கும் அப்பால். மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்கு மட்டும் நடுவிலேயே இரண்டு இடம். இந்த வரிசை நல்லூரில் எல்லாரும் ஏற்றுக்கொள்கிற வரிசைதான்.

தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் இந்த ஊரே சைக்கிளில் ஓடியது. 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்கள் திரும்ப வெளியே வந்தன. இரண்டும் துன்பத்தால் வந்தவை, அவற்றை யாரும் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் கால்களுக்கும் மிதிகட்டைக்கும் இந்தத் தட்டை நிலம் எவ்வளவு இசைவானது என்பது மறந்துவிடக்கூடியதல்ல. ஏற்றம் என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத நகரம் இது.

ஐந்தாவது: நிற்கக் கூடாதவை நிற்காமல் போக வழி

அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சாமான் லொறி, பேருந்து. இந்த நாலுக்கும் விடை எழுதாமல் எந்தப் படத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் வேலை செய்வதானால் இது முதலாவது கேள்வி. எந்த நேரமும் குறைந்தது 3.5 மீற்றர் அகலம் தடையில்லாமல் இருக்கவேண்டும். கொங்கிறீற் தொட்டியோ தூணோ அதற்குள் வரக்கூடாது. மூடும் தடை ஓர் ஆளால் சில விநாடியில் தள்ளித் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். லொறிக்குக் காலை எட்டரைக்கு முன், இரவு எட்டுக்குப் பின் என்று நேரம் வையுங்கள். பேருந்தைத் தூரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். வாகன நெரிசல் குறையும் என்று பேருந்துத் தரிப்பிடத்தை அகற்றினால், நடந்து வரும் வாடிக்கையாளரைத்தான் அகற்றுகிறீர்கள்.

வாகனம் வருகிற நேரத்தில் வேகம் 20, கூடினால் 30 கிலோமீற்றர். 50 இல் மோதும் வாகனத்தின் மோதல் சக்தி 30 இல் மோதுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வயதுபோனவரின் உயிர் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. வேகத்தை அறிவிப்புப் பலகை குறைக்காது. ஒடுங்கிய பாதையும், கூர்மையான மூலையும், நடைபாதையின் உயரத்துக்கே ஏற்றிக் கட்டிய பாதசாரிக் கடவையும் குறைக்கும். ஒழுங்கை வந்து வீதியில் சேரும் இடங்களிலும் நடைபாதை இறங்காமல் அதே மட்டத்தில் தொடரட்டும். வாகனம் ஏறி இறங்கிப் போகட்டும்.

ஆறாவது: நிழல்

இதில்தான் நான் அதிக நேரம் மினக்கெடுவேன், ஏனென்றால் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வரைகிற எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான். அவர்கள் வெயிலைத் தேடி வெளியே மேசை போடுகிறார்கள். நாங்கள் வெயிலுக்கு ஒதுங்குகிறோம். நிழல் இல்லாத நடைத்தெரு யாழ்ப்பாணத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு வெறுமையாகத்தான் கிடக்கும்.

சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தரம்: ஏப்ரல் நடுப்பகுதியில், பிறகு ஓகஸ்ற் கடைசியில். சித்திரைப் புதுவருடத்துக்கு உடுப்பு வாங்க வருகிற சனத்துக்கு மதிய நேரத்தில் எந்தக் கட்டடத்தின் நிழலும் உதவாது. அப்போது மரமும் தாவாரமும்தான் துணை. மற்ற நாட்களில் தெருவின் திசையைப் பாருங்கள். காங்கேசன்துறை வீதி போல வடக்குத் தெற்காக ஓடும் தெருவில், காலையில் கிழக்குப் பக்க நடைபாதை நிழல், பின்னேரம் மேற்குப் பக்கம் நிழல். பின்னேர வியாபாரம் பெரிதானால் மேற்குப் பக்கத்தில் இருக்கைகளை வையுங்கள், கிழக்குப் பக்கத்தில் மரத்தை நடுங்கள். ஆஸ்பத்திரி வீதி போல கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பக்க நடைபாதைதான் நாள் முழுக்க நிழல்.

மரம் என்றால் வேம்பு, புங்கை, பூவரசு. வேரடியைச் சுற்றிக் குறைந்தது ஒன்றேகால் மீற்றர் சதுரம் மண்ணாக இருக்கவேண்டும். அடிமரம் வரைக்கும் கொங்கிறீற் போட்டு மரத்தைக் கழுத்து நெரிக்கிற வேலையை நிறுத்துங்கள். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மற்றப் பக்கத்தில் நட்டால், பிறகு மொட்டையடிக்கத் தேவை வராது.

மரம் வளர ஐந்தாறு வருடம் எடுக்கும். அதுவரை தாவாரம். பெரிய கடை என்று சொல்லப்படும் பழைய கடைப்பகுதியில் சில கட்டடங்களுக்கு இன்னும் முன் விறாந்தை இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் அதற்குள்ளால் நடக்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த விறாந்தையை மூடிக் கண்ணாடி போட்டுக் கடையோடு சேர்த்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டு மீற்றர் நீட்டிய தாவாரத்தைப் பக்கத்துப் பக்கத்துக் கடைகள் இடைவெளி விடாமல் ஒரே உயரத்தில் போட்டால், முழுத் தெருவும் குடையாகும்.

இது எங்களுக்குப் புது யோசனை அல்ல. பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. வீதிக்குக் குறுக்கே கல்லால் கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை வைத்து, போகிறவர் அதற்குள்ளாலேயே போகவும் களைத்தவர் அங்கேயே இருக்கவும் கட்டிய மடம். வீட்டுப் படலைக்குக் கூரை போட்டு, வழிப்போக்கர் இருக்கத் திண்ணை விட்ட சங்கடப் படலை இருந்தது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உரஞ்ச ஆவுரோஞ்சிக் கல், குடிக்கத் தண்ணீர். நடந்து போகிறவருக்கு என்னென்ன தேவை என்று எங்கள் முன்னோர் ஒவ்வொன்றாக யோசித்துக் கல்லில் கட்டிவைத்திருந்தார்கள். நகரத் தளபாடம் என்று இன்று பெரிய செலவில் பேசுவதெல்லாம் இவைதான்.

ஏழாவது: நடைபாதையை அளந்து பாருங்கள்

தடையில்லாமல் நடக்க 1.8 மீற்றர். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அகலம் இது. போரில் கால் இழந்தவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள் வாழும் மாவட்டத்தில் இந்த அளவில் விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனம் வராது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 180 சென்ரிமீற்றர் நீளம். பார்வையற்றோருக்கான மேடு வைத்த ஓடுகளைப் பதித்தால் அதன்மேல் எவரும் பொருள் வைக்காமல் பார்க்கவேண்டும். பளபளக்கும் ஓடு வேண்டவே வேண்டாம், கார்த்திகை மழையில் வழுக்கும்.

ஒன்பது மீற்றர் அகலமான ஒரு தெருவை எடுத்தால், ஒருவழியாக்கி நடுவில் 3.5 மீற்றர் வாகனத்துக்கு விடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 2.75 மீற்றர் மிஞ்சும். அதில் 1.8 நடக்க. மிச்சம் ஏறத்தாழ ஒரு மீற்றரில் மரம், வாங்கு, சைக்கிள் கம்பி, விளக்கு, அங்காடி வியாபாரியின் மேசை. மின்பிறப்பாக்கிகளையும், தண்ணீர் சொட்டும் குளிரூட்டிப் பெட்டிகளையும் நடைபாதையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கூரைக்கோ பின்பக்கத்துக்கோ போகட்டும்.

நடக்கிறவர் ஐந்து விநாடியில் ஏறத்தாழ ஏழு மீற்றர் போவார். எங்கள் பழைய கடைகளின் முகப்பு மூன்று நாலு மீற்றர்தான். ஐந்து விநாடிக்கு இரண்டு கடை: ஒன்றில் பித்தளைக் குத்துவிளக்கு, அடுத்ததில் பனங்கட்டிக் குட்டான். இருபது மீற்றருக்கு ஒரே கண்ணாடிச் சுவராகக் கட்டடம் எழும்பினால் பதினாலு விநாடி பார்க்க ஒன்றும் இருக்காது, ஆட்கள் நடையைக் கூட்டிவிடுவார்கள். புதுக் கட்டடத்துக்கு அனுமதி கேட்டு வரும்போதே, நிலத் தளத்தில் பல வாசல் வேண்டும் என்று கேட்பதற்கு மாநகர சபையைத் தூண்டுங்கள்.

எட்டாவது: இருக்க, குடிக்க, ஒதுங்க

ஐம்பது மீற்றருக்கு ஒரு இருக்கை, நிழலில், முதுகு சாய, எழும்பக் கைபிடியோடு. குடிதண்ணீர் ஓரிடத்தில். மலசலகூடத்தைப் பற்றி யாரும் கூட்டத்தில் பேச வெட்கப்படுவார்கள், ஆகவே நீங்கள் பேசுங்கள். பெண்கள் கடைத்தெருவில் எத்தனை மணித்தியாலம் நிற்பார்கள் என்பதை முடிவுசெய்வது பல வேளை அதுதான். சுத்தமானதாக, வெளிச்சமாக, உள்ளே கொளுவி உள்ளதாக, பொறுப்பாக ஓர் ஆள் இருக்கும்படியாக.

அங்காடி வியாபாரிகளைத் துரத்தவேண்டாம். கச்சான் வறுக்கும் வாசமும் மாங்காய் வெட்டும் சத்தமும் இல்லாத தெருவில் யார் மினக்கெடுவார்கள்? தரையில் வர்ணக்கோடு போட்டு, இலக்கமிட்டு, இடம் கொடுங்கள். நடக்கும் 1.8 மீற்றருக்குள் வரக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் இறுக்கமாகப் பிடியுங்கள். தீபாவளி, நத்தார், பொங்கல் காலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் இடையில் வருடாவருடம் சண்டை வருகிறது. இடத்தை முன்கூட்டியே பகிர்ந்து எழுதி ஒட்டினால் பாதி தீரும்.

ஒன்பதாவது: பரீட்சித்துப் பாருங்கள்

கொங்கிறீற்றைத் தொடமுதல் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணியிலிருந்து ஒன்பது வரை. மணல் நிரப்பிய பீப்பாய், சாடியில் நட்ட கன்று, வெள்ளை வர்ணம், கடன் வாங்கிய வாங்குகள், கிடுகுப் பந்தல். புதுச்சேரியின் கடற்கரை வீதி ஒவ்வொரு நாளும் மாலையில் வாகனத்துக்கு மூடப்பட்டுக் காலையில் திறக்கப்படுகிறது; எப்போதும் மூடத்தான் வேண்டும் என்றில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019 இல் திறந்த நடைவளாகத்திலும் வாகனம் போகிறது, ஆனால் நடைபாதை பல மடங்கு அகலம். கலியாணச் சேலை எடுக்க அங்கே போய்வந்த கடைக்காரர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவரைப் பேச விடுங்கள், உங்களைவிட அவர் சொல்வது எடுபடும்.

பரீட்சைக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. ஆனி, ஆடியில் சோழகக் காற்று பந்தலைத் தூக்கும், வைப்பதானால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு வாரத்துக்கு முதலே ஓட்டோத் தரிப்பிடத்துக்கும் பேருந்துக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிவிடுங்கள். தெருவை வெறுமையாக விடாதீர்கள்: ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் பிள்ளைகளுக்குத் தரையில் கீறச் சோக்கு, நடுவில் கூழ். முதல் தடவை கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் சனி தோறும் செய்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் திரும்ப எண்ணுங்கள். கடைக்காரரிடம் அன்றைய கல்லாவைக் கேட்காதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனை பில் எழுதினீர்கள் என்று கேளுங்கள், அதைச் சொல்வார்கள். பக்கத்து ஒழுங்கைகளையும் எண்ண மறக்கவேண்டாம். இங்கே குறைந்த நெரிசல் அங்கே போய் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்தக் குடும்பம் எதிர்க்கும், எதிர்ப்பதும் சரிதான்.

பத்தாவது: கட்டும்போது

முதலில் நிலத்துக்குக் கீழே. மழைநீர் வடிகான், குடிநீர்க் குழாய், தொலைபேசி, மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே தரத்தில் முடித்துவிட்டு மேலே ஓடு பதியுங்கள். அழகாகப் போட்ட நடைபாதையை ஆறு மாதத்தில் இன்னொரு திணைக்களம் வந்து கிண்டுவதைப் பார்க்கும் வேதனை எங்கள் எல்லாருக்கும் பழக்கம். நிலம் தட்டை என்பதால் தண்ணீர் மெல்லத்தான் வடியும். வடிகான் மூடிகள் தூக்கித் துப்புரவாக்கக்கூடிய துண்டுகளாக இருக்கட்டும், ஐப்பசிக்கு முதல் ஒருதரம் வாரவேண்டும்.

கன்றுகளை மழையோடு நடுங்கள், வேர் பிடிக்கும். ஆனால் தையில் மழை விட்டதும், அடுத்த ஐப்பசி வரைக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் யார் ஊற்றுவது என்பதை நடுவதற்கு முதலே எழுதி வையுங்கள். ஒரு கன்று, ஒரு கடை. வாரத்துக்கு மூன்று நாள், கடை திறந்ததும் ஒரு வாளி. முதல் இரண்டு கோடை தாண்டினால் பிறகு வேம்பு தானே பார்த்துக்கொள்ளும்.